குரலை மட்டும் நீக்கக் கூடாது

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பாதம் மரத்துப்போகிறது என்றீர்களே, இப்போது பரவாயில்லையா? இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம்.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடிதம் எழுதலாம். அதுவும் ஒரே பக்கம், வார்டனின் கண்ணெதிரே. எனக்கு ஒரு பக்கம் எந்த மூலைக்குப் போதும்? அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்கள் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சமையல்கட்டில் இருக்கும் அக்கா இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். நம்முடைய "நான்தான்" செயலியை எல்லோருக்குமாகத் திறந்து வைத்துவிட்டேன். கண் மங்கி, ராத்திரி மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு நீங்கள் மயங்கி விழுந்தீர்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. இனி யாருடைய அப்பாவுக்கு வேண்டுமானாலும் அது மாத்திரை நேரத்தைச் சொல்லும்.

மணியடிக்கும் பகுதியை நான் செய்யவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் செய்து பொதுவில் வைத்திருந்தார். அவர் பெயரை முதல் திரையில் போட்டுவிட்டு, "எடுத்துக்கொண்டேன், இப்படி மாற்றியிருக்கிறேன்" என்று அவருக்கு எழுதிக் காட்டினேன். என் நிரலில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். "உன் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்" என்றும் எழுதியிருந்தார். சொல்லிவிட்டேன்.

லேப் மிஸ் சொன்னார்: "உன்னோடதை எடுக்கிறவங்க என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு எழுதி வைக்கணும். ரெடிமேடா நிறைய உரிமம் இருக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டுடு." படித்துப் பார்த்தேன். வக்கீல் பாஷை, கொட்டாவி வந்தது. நானே நாலு வரி எழுதினேன். "இதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாற்றலாம். விற்கவும் செய்யலாம். என் பெயரையும் என் குரலையும் மட்டும் நீக்கக் கூடாது."

பெயர் என்று "டப்பா" என்பதைப் போட்டிருக்கிறேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குவது போல என் குரல் இருக்கிறதாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் அந்தக் கடைசி வரி. யாராவது என் குரலை எடுத்துவிட்டு ஒரு மெஷின் குரலைப் போட்டுவிட்டால்? "நல்லா யோசிச்சியா?" என்று மிஸ் புருவத்தைத் தூக்கினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொன்று. எந்த வேளையானாலும் முதலில் "நான்தான், மாத்திரை நேரம்" என்று வருமே, அதன் முடிவில் சின்னதாக ஒரு "ம்" கேட்கிறது. அது யாருடையது என்று தோழிகள் கேட்கிறார்கள். நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் டப்பா

*

ஜூலை 3

செல்ல மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

நான் சொல்லச் சொல்ல உன் சித்தப்பா எழுதுகிறார். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நீ எந்தக் கவலையும் இல்லாமல் பரீட்சைக்குப் படி.

உன் செயலியைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். சித்தப்பாவின் கம்பெனியில் செய்யும் மூலிகைப் பொடி இப்போது பல ஊர்களுக்குப் போகிறது. அதை வாங்குகிறவர்களுக்கு உன் செயலியையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்கிறார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்று நீ எழுதியிருப்பது நிஜம்தானா? உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பு. குடும்பத்துக்குள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

*

ஜூலை 11

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் கடிதம் கண்டு ஒரே சந்தோஷம். சித்தப்பா தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மாற்றவும் மாற்றலாம். கேட்காமலே எடுக்கலாம் என்று எழுதி வைத்திருந்தும், அவர் மரியாதைக்குக் கேட்டிருக்கிறார் பாருங்கள். நன்றி சொல்லுங்கள்.

அந்த "ம்" பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

டப்பா

*

செப்டம்பர் 5

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு வணக்கம்.

சித்தி நலமா? நீங்கள் நலமா? அப்பா நலமா? கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கே எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் தட்டு கழுவச் சமையல்கட்டுக்குப் போனேன். அலமாரியின் மேலிருந்து என் குரல் கேட்டது. "நான்தான், மாத்திரை நேரம். இன்னைக்கு மாத்திரை வேண்டாம். வெந்நீர்ல பொடி கலக்கிக் குடிங்க." தட்டு கை நழுவி விழுந்தது.

சமையல் அக்கா சிரித்தாள். "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? மாத்திரை ஆப்புடி இது. பொடி வாங்கினா சும்மாவே போன்ல போட்டுத் தர்றாங்க."

"மாத்திரை வேண்டாம்னு சொல்லுதேக்கா?"

"ஆமா, தினமும் அப்படித்தான் சொல்லுது. நானும் பிரஷர் மாத்திரையை விட்டு ரெண்டு வாரமாச்சு. தலைதான் கொஞ்சம் கிறுகிறுங்குது. பழகிடும்."

"டாக்டர் விடச் சொன்னாரா?"

"அவரு எங்க மூஞ்சியை நிமிர்ந்துகூட பார்க்க மாட்டாரு. இந்தப் பொண்ணு வேளா வேளைக்குக் கூப்பிட்டுச் சொல்லுது. பொய் சொல்ற குரலா இது? கேளு, உன் குரல் மாதிரியே இல்ல?"

"என் குரல்தான் அக்கா. நான் அப்படிச் சொல்லல. மாத்திரையைப் போடுங்க."

"போடி! நீ என்ன டாக்டரா?"

சித்தப்பா, நேரில் நான் சொன்னால் அவள் கேட்பதில்லை. போனில் நான் சொன்னால் கேட்கிறாள்.

"இன்னைக்கு மாத்திரை வேண்டாம்" என்பதை, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுகிறவர்களுக்காகப் பேசி வைத்தேன். பொடி கலக்கச் சொன்னது, அப்பாவின் வயிற்றுக்கு டாக்டர் கொடுத்த பொடிக்காக. இரண்டையும் நீங்கள் ஒட்டிவிட்டீர்கள். அக்காவின் போனில் முதல் திரையைப் பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. மணி செய்தவரின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பொடி டப்பாவின் படம். ஒட்டியது நீங்கள் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

தயவுசெய்து அந்த ஒட்டை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் என் குரலையே எடுத்துவிடுங்கள்.

அப்பாவின் போனில் இருப்பது என்னுடைய செயலியா, உங்களுடையதா?

பணிவுடன்,
உங்கள் அண்ணன் மகள்

*

செப்டம்பர் 19

அண்ணன் மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் மாதம் தவறாமல் உன் விடுதிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஞாபகம் இருக்கட்டும்.

உன் கடிதத்தை எங்கள் வக்கீலிடம் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். எடுக்கலாம் என்று எழுதினாய், எடுத்தேன். மாற்றலாம் என்றாய், மாற்றினேன். விற்கலாம் என்றாய், நான் அதைக்கூடச் செய்யவில்லை, இலவசமாகத் தருகிறேன். உன் பெயரை நீக்கக் கூடாது என்றாய், உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருக்கிறேன். நீ பேசாத ஒரு எழுத்தை நான் சேர்த்திருக்கிறேனா? இருந்தால் காட்டு. இருப்பதை இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

குரலை எடுக்கச் சொல்கிறாய். எப்படி எடுப்பது? நீக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது நீதானே அம்மா? உன் நிபந்தனையை நானே மீறலாமா? போதாததற்கு உன் கையெழுத்தில் வந்த அனுமதிக் கடிதமும் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.

நீ மட்டும் என்ன, எல்லாம் உன் கையால் செய்தாயா? எவனோ செய்த மணியை எடுத்து உன் அப்பனுக்கு அடித்தாய். நான் உன் குரலை எடுத்து ஊருக்கு அடிக்கிறேன். நீ செய்தால் சேவை, நான் செய்தால் திருட்டா?

அண்ணன் போனில் எது இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டில் எங்கள் பொடிதான்.

நீ ராத்திரியில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறாய், சமையல்காரி தபாலில் போடுகிறாள். வார்டனுக்கு இது தெரியுமா? தெரியாமலே இருக்கட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு படி.

சித்தி விசாரித்தாள்.

சித்தப்பா

*

செப்டம்பர் 28

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீர்கள்? பாதம் எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை, டார்ச் வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டே போகிறது. எழுத்து அப்படி இப்படி இருந்தால் சித்தப்பா பொறுத்துக்கொண்டு படிக்கட்டும். சித்தப்பா, இதை ஒரு வரியும் விடாமல் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கால்களில் விழுந்து கேட்கிறேன்.

அப்பா, சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். போனில் நான் வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அது நான் பேசியதுதான், ஆனால் நான் சொன்னது இல்லை. எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை வேறு வரிசையில் வைத்து உங்களிடம் கொடுக்கிறார்கள்.

இந்தக் கடிதம் உங்கள் காதுக்கு வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றே ஒன்று செய்யுங்கள். "நான்தான், மாத்திரை நேரம்" என்பதன் முடிவில் வரும் அந்த "ம்" யாருடையது என்று பதிலில் சொல்லுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 20

செல்ல மகளுக்கு,

அப்பா நலம். நீ நலமா? உன் கடிதத்தை ஒரு வரியும் விடாமல் உன் சித்தப்பா படித்துக் காட்டினார். பரீட்சை பயத்தில் ஏதேதோ கற்பனை செய்கிறாய் என்று நினைக்கிறேன். பொடி எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. காலில் புண் அது இது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நீ கேட்ட "ம்" பெரிய ரகசியமா என்ன? நீ பேசி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிய சத்தம்தானே அது!

இனி சித்தப்பாவுக்கு மரியாதையாக எழுதப் பழகு.

அன்புடன்,
அப்பா

*

அக்டோபர் 27

சித்தப்பாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. விடுதி விதிப்படி கடிதத்தில் அது இருக்க வேண்டும். இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த "ம்" அப்பாவுடையது. அவர் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து நான் அதைப் பதிவு செய்தேன். "நான்தான், மாத்திரை நேரம்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் "ம்" என்றார். திரும்பத் திரும்பப் பதிவு செய்தும் ஒவ்வொரு முறையும் "ம்" என்றார். கடைசியில் இருவரும் சிரித்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் அதை மறக்க மாட்டார். என் கேள்வி அவர் காதுக்குப் போயிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆக, என் செயலிக்கு நீங்கள் செய்ததைத்தான் என் கடிதங்களுக்கும் செய்கிறீர்கள். என்னிடமிருந்து எடுத்து, வேண்டியதை வெட்டி, என் பெயரிலேயே அப்பாவுக்குக் கொடுக்கிறீர்கள். அப்பாவிடமிருந்து எதையும் எடுக்காமல், அவர் பெயரில் எனக்குக் கொடுக்கிறீர்கள்.

காலில் புண் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, சித்தப்பா. நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

சமையல் அக்கா போன வாரம் அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதும் மடியில் இருந்த போன் பேசியது. "இன்னைக்கு மாத்திரை வேண்டாம்" என்றேன் நான். ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடும். இன்று அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இதையும் வழியில் நானே தபாலில் போட்டுவிடுவேன்.

மணியைப் பற்றிக் கேட்டீர்கள். எடுப்பது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? எடுக்கத்தான் வைத்திருக்கிறோம். நான் எடுத்தேன் என்று செய்தவரிடம் சொன்னேன். என்ன மாற்றினேன் என்று அவருக்கும் மற்றவர்களுக்கும் காட்டினேன். அவருடைய மணி யாரையும் ஏமாற்ற அடிக்கவில்லை. மாற்றுகிறவர் மாற்றத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நீங்கள் அதைக் காட்டவில்லை. அவருக்கு எழுதிவிட்டேன்.

என் நாலு வரி சின்னப்பிள்ளைத்தனமாக எழுதியது. ஒப்புக்கொள்கிறேன். அதில் ஓட்டை இருந்தது என்பதற்காக, அதன் வழியாக ஒரு ஆளின் உயிரை எடுக்கலாம் என்று அர்த்தம் ஆகிவிடுமா?

இரண்டு வாரம் தருகிறேன். நீங்களே நிறுத்திவிடுங்கள். அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

டப்பா

*

நவம்பர் 8

டப்பாவுக்கு,

பெயர் பொருத்தம்தான். உள்ளே ஒன்றும் இல்லாததுதான் அதிகமாகச் சத்தம் போடும்.

நலம். நலம் விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. ஏனென்றால் நான் வளர்ப்பு சரியில்லாதவன் அல்ல.

சமையல்காரி விழுந்ததற்கு நான் பொறுப்பா? பொடியைக் குடித்து யாரும் விழுந்ததாக ஒரு புகாரும் இல்லை. அவளை மாத்திரையை விடச் சொன்னது யார்? பொடி வாய் திறந்து பேசியதா? சொன்னது உன் குரல். திரையில் இருப்பது உன் பெயர். நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தால் முதலில் யாரைத் தேடி வருவார்கள் என்று படிப்பாளி நீயே யோசித்துப் பார். அந்த மணிக்காரன் வேறு கண்டம், வேறு கடல். அவன் என்னைத் தேடி வருவதற்குள் உனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

சும்மா இருக்க மாட்டாயாமே! என்ன செய்வாய்? உனக்குப் போன் கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் லேப். தபால் போடவும் இப்போது ஆள் இல்லை. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் உன் டீசி என் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு இந்த வீட்டில், என் கண் முன்னால், பொடி பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இத்தோடு நிறுத்திக்கொள். இதற்குமேல் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

சித்தப்பா

*

நவம்பர் 16

சித்தப்பாவுக்கு,

பிரிக்க மாட்டேன் என்றீர்கள். பிரிப்பீர்கள் என்று தெரியும். இது உங்கள் கையில் கிடைக்கும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. போலீஸ் வருவது போலவும், வாயைத் திற என்று அதட்டுவது போலவும், திறந்தால் "மாத்திரை வேண்டாம்" என்று மட்டும் வருவது போலவும் கனவு. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் கம்பெனிப் பையன்கள் என் செயலியை எடுத்தார்கள். படத்தை மாற்றினார்கள், வரிசையை மாற்றினார்கள். முழுதாகப் படிக்கவில்லை. என் குரல் பதிவுகள் செயலிக்குள் இல்லை, சித்தப்பா. அப்பாவின் பழைய போனில் இடம் போதவில்லை என்பதால், அவற்றை வெளியே ஓரிடத்தில் வைத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செயலி அங்கே போய்ப் புதிதாக எடுத்துக்கொள்ளும். அந்த இடம் எங்கே என்று சொல்லும் வரி உங்கள் செயலியிலும் அப்படியே இருக்கிறது. உங்கள் பொடியோடு போன ஒவ்வொரு போனும் இன்றைக்கும் என்னிடம் வந்துதான் குரல் வாங்கிக்கொண்டு போகிறது. சமையல் அக்காவின் போனை ஆஸ்பத்திரியில் வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது.

தெரிந்த அன்றைக்குச் சந்தோஷமே வரவில்லை. எல்லாப் பதிவுகளையும் அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அழித்தால் அத்தனை போனும் ஊமையாகிவிடும். என்னுடைய சரியான செயலியை நம்பி மாத்திரை போடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? "வேண்டாம்" என்பதை மட்டும் எடுத்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டியவர்கள் தினமும் போட்டுவிடுவார்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அவர்கள் ஏன் விழ வேண்டும்? இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் கேட்காததை அவர்கள் காதில் பேசுவது நீங்கள் செய்த வேலை. அதையே நானும் செய்யலாமா?

நேற்று லேபில் மிஸ்ஸிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தலை வலிக்குது, டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தார். போகும்போது மைக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார்.

எதையும் அழிக்கவில்லை. எல்லா வேளையும் முதலில் வருமே, அந்த ஒரு பதிவை மட்டும் மாற்றினேன். நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். யாரிடமும் வேறு மாதிரி படித்துக் காட்டாதீர்கள்.

"நான்தான், மாத்திரை நேரம். இது என் சொந்தக் குரல். மாத்திரைக்குப் பதிலா பொடின்னு நான் யார்கிட்டயும் சொல்லல. வேற வேற இடத்துல பேசினதை வெட்டி ஒட்டியிருக்காங்க. என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தா, இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. அப்பா, நீங்களும்தான்."

உங்கள் பெயரையோ கம்பெனியின் பெயரையோ சொல்லவில்லை. பயந்து அல்ல. அவர்களுக்குத் தேவையானது அது இல்லை.

நாலு வரியையும் எடுத்துவிட்டேன். மணிக்காரர் போட்டிருக்கும் உரிமத்தையே இனி நானும் போடுகிறேன். அந்த வக்கீல் பாஷையை இந்த முறை கொட்டாவி விடாமல் கடைசி வரை படித்தேன். என் குரலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. வேண்டாதவர்கள் தாராளமாக நீக்கிக்கொள்ளட்டும்.

டீசிக்கு எழுதுவதென்றால் எழுதுங்கள்.

டப்பா

*

நவம்பர் 27

நீ செய்தது துரோகம். சோறு போட்ட வீட்டின் வயிற்றில் அடித்துவிட்டாய். பொடி வாங்கியவர்கள் கடைக்குக் கடை டப்பாவைத் திருப்பி எறிகிறார்கள். வார்டனுக்கும் தலைமை ஆசிரியருக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். டீசி கேட்டிருக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் வந்து உன்னை அழைத்துப் போவேன்.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்டு எனக்கு எழுதாதே.

*

டிசம்பர் 6

அம்மாடி டப்பா,

அப்பா எழுதுறேன். என் கையாலதான் எழுதுறேன். எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், பொறுத்துக்கோ. எங்கே வரி முடியுதுன்னு நர்ஸம்மா என் விரலைப் பிடிச்சுக் காட்டுறா.

நல்லா இருக்கேன்னு எழுதினா நீ நம்ப மாட்டே. ஆஸ்பத்திரியில இருக்கேன். இப்ப மாத்திரை போடுறேன், ஊசியும் போடுறாங்க. காலைப் பத்தி நேர்ல சொல்றேன். இப்ப கேக்காதே.

அன்னைக்குத் திங்கக்கிழமை ராத்திரி வார்டுல படுத்திருந்தேன். உன் சித்தப்பன் பக்கத்துல ஸ்டூல்ல இருந்தான். எட்டு மணிக்கு நீ பேசினே. என் போன்ல மட்டும் இல்ல. எதிர்க் கட்டில்ல ஒண்ணு, ஜன்னலோரம் ஒண்ணு, வராண்டாவுல ஒண்ணு. எல்லாத்துலயும் நீதான். உன் சித்தப்பன் என் போனை அணைக்கக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன். "நீங்களும்தான்"னு சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். எதிர்க் கட்டில்காரர், "யாருங்க இந்தப் பொண்ணு?"ன்னு கேட்டாரு. என் பொண்ணுன்னு சொன்னேன். உன் சித்தப்பன் எழுந்து போயிட்டான். அதுக்கப்புறம் வரல.

போறப்போ கேட்டேன், அவ எழுதின கடிதமெல்லாம் எங்கேடான்னு. கிழிச்சுப் போட்டுட்டேன்னான். அவன் படிச்சுக் காட்டினதுல நீ எழுதினது எது, அவன் சேர்த்தது எதுன்னு எனக்குத் தெரியல. என் பேர்ல உனக்கு என்ன போச்சுன்னும் தெரியல. நான் ஒரு கடிதம்கூடச் சொல்லி எழுதச் சொல்லல. அதனால முதல் கடிதத்துல இருந்து எல்லாத்தையும் திரும்ப எழுதி அனுப்பு. நர்ஸம்மா படிச்சுக் காட்டுவா. அவளுக்கு எதையும் விடத் தெரியாது, மாத்திரை அட்டையையே மூணு தடவை படிக்கிறவ.

டீசிக்கு அப்பன் கையெழுத்து வேணும். அப்பன் நான்தான். போட மாட்டேன்னு உங்க தலைமை ஆசிரியருக்கு இதோட இன்னொரு காகிதம் எழுதியிருக்கேன். நீ படி.

ஒரே ஒரு குறை. இந்தத் தடவை நீ "நான்தான், மாத்திரை நேரம்"னு சொன்னப்போ பக்கத்துல நான் இல்ல. முடிவுல ஒண்ணுமே கேக்கல. அது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. அதனால இப்ப எழுதி அனுப்புறேன்.

ம்.